மழைக்காலத்தில் மூன்று நாள் மலைநடை: தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளுக்குப் புறப்படுவோர் கேட்கும் கேள்விகள்

வத்தல்மலை, சித்தேரி மலை, மேலகிரி என்று நம் இரு மாவட்டங்களிலும் மலைக்குக் குறைவில்லை. ஆவணி முதல் கார்த்திகை வரை அவை பச்சைப் பசேலென்று நிற்கும் நாட்களில்தான் "மூன்று நாள் நடந்துவிட்டு வரலாமா?" என்ற பேச்சும் எழுகிறது. நடக்கலாம். ஆனால் கோடையில் நடந்து பழகியவர்களுக்குக்கூட மழைக்கால மலை வேறொரு மலைதான். என்னோடு நடக்க வந்தவர்களும் வர எண்ணியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஓடையைப் பற்றிய பதில் மற்றவற்றைவிட நீளமானது. மற்றத் தவறுகளால் உடம்பு நோகும், ஓடையில் செய்யும் தவறால் உயிர் போகும் என்பதே அதற்குக் காரணம்.

எந்த மாதத்தில் என்ன மாதிரியான மழையை எதிர்பார்க்க வேண்டும்?

நமக்கு இரண்டு வகை மழை உண்டு. இரண்டுக்கும் ஒரே திட்டம் உதவாது. ஆகஸ்டு, செப்டம்பரில் பெய்வது பெரும்பாலும் இடிமழை. காலையில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும், பகல் வெயிலில் புழுக்கம் ஏறும், மூன்று மணிக்கு மேல் மேகம் திரண்டு மாலையிலோ முன்னிரவிலோ ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இந்தப் பருவத்தில் காலை ஆறரைக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் அன்றைய நடையை முடித்துக்கொண்டால் பல நாட்களில் நனையாமலே தப்பலாம்.

வடகிழக்குப் பருவமழையின் போக்கு அப்படி இல்லை. "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று பெரியவர்கள் சொல்வது வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் கொண்டுவரும் மழையைத்தான். அது இரவு பகல் பார்க்காமல் இரண்டு மூன்று நாள் தூறியும் கொட்டியும் நிற்கும், நடுவில் துணி காயாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கிறோம், புயல் நம்மை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு அன்றோடு எனக்குப் போயிற்று.

காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்க முடியுமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளின் பெரும்பகுதி இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு ஆகிய இரண்டு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் அடங்குகிறது. முதலாவது 2014இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். இரண்டாவது 2022இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி இங்கே நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு எனத் தனி விதிகள் வந்தன. இப்போது வனத்துறையே வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபர் முதல் 40 பாதைகளுடன் நடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும் அய்யூர் – சாமி ஏரிப் பாதையும் அதில் உள்ளன. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், கனமழை எச்சரிக்கை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். மூடினால் வருத்தப்பட வேண்டாம், மூடுகிறார்களே என்று நிம்மதி கொள்ளுங்கள்.

ஆக, நம் பகுதியில் மூன்று நாள் நடை என்றால் பகலில் மலையில் நடந்து இரவில் ஊரில் படுப்பது என்றுதான் பொருள். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் மலை மேலேயே சிற்றூர்கள் உண்டு, ஊருக்கு ஊர் மக்கள் நடக்கும் பாதைகளும் உண்டு. முன்கூட்டியே ஒருமுறை நேரில் போய், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, தங்க ஒரு திண்ணையோ அறையோ பேசி வைத்துவிட்டு வந்து, அப்பகுதி வனச்சரக அலுவலகத்திலும் பாதையைச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். மூன்றாவது நாள் நீங்கள் குறித்த ஊருக்கு வந்து சேராவிட்டால் தேடத் தொடங்குகிறவர்கள் இவர்கள்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று திட்டமிடலாம்?

வறண்ட காலத்தில் நீங்கள் நடக்கும் தூரத்தில் பாதி. நல்ல நடையாளர் கோடையில் 16, 18 கிலோமீட்டர் மலைப்பாதையை முடிப்பார். மழையில் எட்டு முதல் பத்துக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. சேறு காலைப் பிடிக்கும், இறக்கத்தில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும், நனைந்த பை இரண்டு கிலோ கூடியிருக்கும், மழைக்கோட்டைப் போடுவதும் கழற்றுவதுமாகவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். கார்த்திகையில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது, மேகம் மூடிய காட்டுப் பாதையில் ஐந்துக்கே முகம் தெரியாது.

அதோடு, மூன்று நாள் நடைக்கு நான்கு நாள் விடுப்பு எடுங்கள். அந்த நான்காவது நாள் ஓடைக்கு உரியது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தோடு வருபவர் ஞாயிற்றுக்கிழமை மாலை தவறான இடத்தில் ஓடையைக் கடப்பார். இதை நான் இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எந்த அளவு எச்சரிக்கை வந்தால் பயணத்தைக் கைவிட வேண்டும்?

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ.க்கு மேல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதிகனமழை. இந்த எண்கள் மனத்தில் ஒட்டாது என்பதால் வேறு விதமாகச் சொல்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 100 மி.மீ. பெய்தால் விழும் நீர் 10 கோடி லிட்டர். அதில் மண் குடித்தது போக மிச்சமெல்லாம் நீங்கள் கடக்க வேண்டிய அந்த ஒரே ஓடையில்தான் வரும்.

அந்த மையம் நிறம் சொல்லி விடும் எச்சரிக்கைகளில் மஞ்சள் என்றால் ஓடை குறுக்கிடாத குறுகிய பாதைக்கு மாற்றிக்கொள்வேன். ஆரஞ்சு என்றால் புறப்பட மாட்டேன், நடுவழியில் வந்தால் இருக்கும் ஊரிலேயே தங்கிவிடுவேன். முந்தைய மூன்று நாள் பெய்த மழையையும் சேர்த்தே எண்ண வேண்டும், ஏனெனில் ஊறிப்போன மண் புதிய மழையைக் குடிக்காது, சரியத் தொடங்கும். ஃபெஞ்சல் மழையின்போது 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நம் மலைச்சாலைகளிலும் அதே போல் பாறையும் மண்ணும் கலந்த சரிவுகள் உண்டு. சரிவில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலும், நேராக நின்ற மரங்கள் சாய்ந்திருந்தாலும், இல்லாத இடத்தில் கலங்கல் ஊற்று கிளம்பினாலும் அந்தப் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள்.

ஓடையை எப்படிக் கடப்பது?

முதல் பதில், கடக்காமல் இருப்பது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் மலை ஓடைகள் சிறியவை, அவற்றின் நீர்ப்பிடிப்பும் சிறியது. ஆகவே ஏறுவதும் வேகம், வடிவதும் வேகம். மேலே மழை நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் இடுப்பளவு நீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். காத்திருக்க நேரம் உள்ளவருக்கு இந்த ஓடைகளில் பெரும்பாலும் ஆபத்தில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் நாங்கள் ஐந்து பேர் ஓர் ஓடைக்கரையில் நின்றோம். காலையில் கணுக்கால் நனையக் கடந்த அதே இடம் பிற்பகல் ஒன்றரைக்கு டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. அகலம் பத்து அடிகூட இருக்காது, தாண்டிவிடலாம் போலத்தான் தோன்றியது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டபடி எங்களுக்குப் பக்கத்தில் குந்தினார். "கல்லு உருள்ற சத்தம் கேக்குதுங்களா தம்பி? அது நிக்கற வரைக்கும் எறங்காதீங்க" என்றார். அதுவரை நாங்கள் நீரின் இரைச்சலைத்தான் கேட்டிருந்தோம். காது கொடுத்தபோதுதான் அதற்கு அடியில் மொத் மொத்தென்று இன்னொரு ஒலி இருப்பது தெரிந்தது. தலையளவு கற்கள் ஓடையின் தரையில் உருண்டுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று முழங்காலில் பட்டிருந்தால் நின்றிருக்க முடியாது.

அவர் ஒரு விளார்க் குச்சியை ஒடித்து நீரின் விளிம்பில் சரியாக நட்டார். கால் மணி நேரத்தில் குச்சி நீருக்குள் நான்கு விரல் போயிருந்தது, அதாவது நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு நட்ட குச்சி அப்படியே நின்றது. நாலரைக்கு நட்டது கரையில் தனியாக நின்றது, நீர் ஒரு முழம் பின்வாங்கியிருந்தது. அன்று நாங்கள் கடக்கவில்லை, பொழுது சாய்ந்துவிட்டதால் வந்த ஊருக்கே திரும்பினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதே இடத்தில் கடந்து போனார்கள்.

அந்தக் குச்சி முறையை அன்றிலிருந்து ஒருபோதும் விட்டதில்லை. நீர் ஏறுகிறதா வடிகிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, குச்சி காட்டிவிடும். நீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ கொட்டிவிட்டது என்று பொருள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் சரி, உடனே கரையேறி விலகிவிட வேண்டும்.

வடிந்துவரும் ஓடையைக் கடக்கும்போதுகூட முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்கக் கூடாது. அகலமாகப் பரந்து ஓடும் இடம் நல்லது, ஒடுங்கிய இடம் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். கீழே அருவியோ பெரும்பாறைகளோ மரக்கிளைகள் அடைந்த இடமோ இருந்தால் அங்கே வேண்டாம். பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பை உங்களைக் கீழே அமுக்காமல் கழன்று போகட்டும். செருப்பையோ ஷூவையோ கழற்றாதீர்கள். முகத்தை நீர் வரும் திசைக்குத் திருப்பி, தடியை மேல்பக்கம் ஊன்றி, ஒரு காலை நகர்த்திய பிறகே அடுத்ததை நகர்த்தி, பக்கவாட்டில் போக வேண்டும். ஒருவரோடு ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மூவராகப் போவது தனியாகப் போவதைவிட உறுதி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். விழுந்தவரைக் கயிறு நீருக்குள்ளேயே பிடித்து நிறுத்தி மூழ்கடித்துவிடும்.

இவையெல்லாம் சிற்றோடைக்கு மட்டும். சின்னாறு, தொட்டஹள்ளா, காவிரி ஆகியவற்றை மழைக்காலத்தில் கால்நடையாகக் கடக்கும் எண்ணமே வேண்டாம். காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள். பரிசல் ஓட்டிகளைவிட அந்த ஆற்றை அறிந்தவர்கள் இல்லை.

பாறையில் வழுக்காமல் நடப்பது எப்படி?

நம் மலைகளில் அகன்ற பாறைத் தகடுகள் அதிகம். காய்ந்த பாறையில் எந்தச் செருப்பும் பிடிக்கும். நனைந்ததில் நிறத்தைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது நனைந்தாலும் பிடிக்கும். நீர் கசிந்து வடியும் தடத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரிவது பாசி, அதில் கால் வைத்தால் உட்கார்ந்து எழத்தான் வேண்டியிருக்கும். கறுப்புப் பட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் அது ஒடுங்கிய இடமாகப் பார்த்து ஒரே அடியில் தாண்டுங்கள். இறங்கும்போது பின்னால் சாய்ந்தால் கால் முன்னே போய்விடும். முழங்காலை மடக்கி, எடை பாதத்தின் மேல் நேராக இருக்கும்படி இறங்க வேண்டும்.

ஷூவைப் பற்றி: தோல் பூட்ஸ் ஒருமுறை நனைந்தால் மூன்று நாளும் காயாது. வனத்துறையினரும் காவலர்களும் போடும் கேன்வாஸ் பூட்ஸ் போன்றது நனையும், ஆனால் நீரை வெளியே விட்டுவிடும். எனக்கு அதுதான் ஒத்துவருகிறது.

என்ன உடுத்துவது? மழைக்கோட்டு போதுமா?

ஜீன்ஸ் வேண்டாம், தடித்த பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். எளிதில் காயும் செயற்கை இழை டிராக் பேண்டும் முழுக்கைச் சட்டையும் போதும். மழைக்கோட்டு எவ்வளவு விலையானாலும் ஏற்றத்தில் உள்ளே வியர்த்து நனைக்கும், ஆகவே நனையாமல் நடப்பது என்ற ஆசையை விட்டுவிட்டு நனைந்தாலும் குளிராமல் நடப்பது எப்படி என்று யோசிப்பதே சரி.

குடையைக் கேலி செய்பவர்களை நம்பாதீர்கள். காற்றில்லாத வண்டிப்பாதையில் குடையைப் போல் சுகமான மழைக்கருவி வேறில்லை, காற்றோட்டமும் கிடைக்கும். காற்று வீசும் முகட்டில் மட்டும் மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். கிருஷ்ணகிரிப் பக்கம் குறும்பர்கள் நெய்யும் கறுப்புக் கம்பளியை ஆடு மேய்ப்பவர்கள் மழையில் ஏன் போர்த்திக்கொள்கிறார்கள் என்பது அதைப் போர்த்திப் பார்த்தால்தான் விளங்கும். எடை கூடுதல் என்பதால் முதுகில் தூக்கிச் செல்ல நான் சொல்ல மாட்டேன், தங்கும் வீட்டில் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

பைக்குள் இருப்பதை எப்படி நனையாமல் காப்பது?

பைக்கு மேல் போடும் உறையை மட்டும் நம்பாதீர்கள். நீர் உங்கள் முதுகு வழியாகத்தான் இறங்கி உள்ளே போகும். பைக்கு உள்ளே முழு நீளத்துக்கு ஒரு தடித்த பாலித்தீன் பை வேண்டும். உரச்சாக்குக்குள் வரும் பாலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் கடையில் விற்கும் எதற்கும் அது குறைந்ததல்ல. வாயை முறுக்கி மடித்து ரப்பர் போட்டுவிடுங்கள்.

அதற்குள் ஒரு செட் உடுப்பு: பனியன், சட்டை, லுங்கி அல்லது பைஜாமா, ஒரு ஜோடிக் காலுறை, ஒரு குரங்குக் குல்லா. இது இரவில் கூரைக்குக் கீழே மட்டும் போடுவதற்கு. காலையில் எழுந்ததும் அதைக் கழற்றி மறுபடி பாலித்தீனில் வைத்துவிட்டு, கொடியில் தொங்கும் ஈரச் சட்டையையே திரும்பப் போட வேண்டும். மூன்று நாள் நடையில் மிகக் கடினமான நொடி அதுதான். மலை ஏறுவதைவிடக் கடினம். ஆனால் ஒருநாள் சோம்பல்பட்டுக் காய்ந்த உடுப்போடு கிளம்பியவர் அன்று இரவு உட்காரவும் படுக்கவும் காய்ந்த துணி இல்லாமல் தவிப்பார், நடுங்கிக்கொண்டே விடியலைப் பார்ப்பார். நடக்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் ஈரச் சட்டை உடம்புச் சூட்டில் பழகிவிடும்.

நம் ஊர் மலையில் குளிரால் ஆபத்து வருமா?

வரும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். கார்த்திகை இரவில் மலைமேல் 15 டிகிரி என்றால் காய்ந்த உடம்புக்கு அது இதமான குளிர், நனைந்து காற்றில் நிற்கும் களைத்த உடம்புக்கு அது ஆபத்து. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்துகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல் விறைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நடுக்கம் முதல் அறிகுறி. அதைவிடக் கவனிக்க வேண்டியது பேச்சு. கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்பவர், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுபவர், "நீங்க போங்க, நான் இங்கயே கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்பவர், இவர்களை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது. காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்தைக் களைந்து, காய்ந்ததை உடுத்தி, தலையை மூடி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான காபி கொடுங்கள். கையையும் காலையும் பரபரவென்று தேய்க்க வேண்டாம். நடுக்கம் நின்று மயங்கினால் அது குணமாவதல்ல, முற்றுவது. சாராயம் சூடு தரும் என்பது தோலுக்குத் தெரியும் பொய், உள்ளே வெப்பம் இன்னும் வேகமாக இறங்கும்.

காலைப் பாதுகாப்பது எப்படி? அட்டை இருக்குமா?

பாதம் நாள் முழுதும் ஈரத்தில் ஊறினால் வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்கில் தோல் உரிந்து சேற்றுப்புண் வரும். மதிய உணவின்போது கால் மணி நேரம் ஷூவைக் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விட்டுக் காலுறையைப் பிழிந்து போடுங்கள். காலையில் வேசலினோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொள்வது ஈரத்தைச் சற்றுத் தள்ளி வைக்கும். இரவில் விரலிடுக்கைத் துடைத்துக் காயவிட்டுப் படுக்க வேண்டும்.

அட்டை பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. வால்பாறை போன்ற மேற்குமலைச் சோலைகளில் நடப்பவர்களுக்குத்தான் அது பெரும் தொல்லை. கடித்தால் நகத்தால் வழித்து எடுத்துவிடலாம்.

உணவும் குடிநீரும்?

தங்கும் ஊரில் களியும் கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் கிடைத்தால் அதைவிட மழைக்கு ஏற்ற சாப்பாடு இல்லை. சொல்லி வைத்துப் பணம் கொடுத்துச் சாப்பிடுங்கள், ஓசியில் வேண்டாம். பகலுக்கு அடுப்பு மூட்டும் திட்டமே கூடாது. கடலை உருண்டை, பேரீச்சை, புளிசாதம், ஊறவைத்தாலே சாப்பிடக்கூடிய அவல் என்று, நின்றபடி மழையில் தின்னக்கூடியவையாக இருக்கட்டும். மழையில் தாகம் தெரியாது, ஆனாலும் மணிக்கொரு முறை குடிக்க வேண்டும்.

கலங்கிய ஓடை நீரில் குளோரின் மாத்திரை சரியாக வேலை செய்யாது. முதலில் துணியில் வடிகட்டித் தெளியவிட வேண்டும். பாத்திரத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு, கலங்கல் அடியில் படியும். ஆனால் கிருமி சாகாது. தெளிந்த நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். இதை இரவில் தங்கும் வீட்டிலேயே முடித்துப் பாட்டில்களை நிரப்பிக்கொள்வது எளிது.

யானைகள்?

மழைக்காலமும் கேழ்வரகு முற்றும் காலமும் ஒன்றாக வருவதுதான் சிக்கல். அக்டோபருக்குப் பிறகு கர்நாடகத்தின் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர் காடுகளுக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பது. மழையிலும் ஓடை இரைச்சலிலும் கிளை முறியும் ஓசை கேட்காது, யானைக்கும் நீங்கள் வருவது கேட்காது. எதிர்பாராமல் பத்தடியில் சந்திப்பது இப்படித்தான் நடக்கிறது. ஆகவே அந்தப் பகுதிகளில் வனத்துறை வழிகாட்டி இல்லாமல் நடக்கவே கூடாது. அங்கே காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் பாதையில் இருக்கவும் கூடாது.

வழிகாட்டியோடு போகும்போது அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். மழையில் யானையின் லத்தி (சாணம்) கரைந்துவிடுவதால் அதைக் கொண்டு நேரம் சொல்வது கடினம். அவர் பார்ப்பது காலடித் தடத்தில் தேங்கிய நீரை. நீர் தெளிந்திருந்தால் யானை போய் நேரமாகிவிட்டது. கலங்கலாக இருந்தால் சற்றுமுன்தான் போயிருக்கிறது. கலங்கலைக் கண்டதும் அவர் கையைத் தூக்கினால் கேள்வி கேட்காமல் நின்றுவிடுங்கள், வந்த வழியே திரும்பச் சொன்னால் திரும்புங்கள்.

இன்னொன்று, இருட்டில் வயலோரமாக நடக்காதீர்கள். பயிரைக் காக்கச் சிலர் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்து வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. ஈர மண்ணில் அந்தக் கம்பி மனிதனை விட்டுவைக்காது.

இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

மின்னலைக் கண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே முகட்டையும் மொட்டைப் பாறையையும் விட்டு இறங்க வேண்டும். தனித்து நிற்கும் புளியமரத்தடி வேண்டாம், பாறை இடுக்கும் வேண்டாம். ஒரே உயரத்தில் மரங்கள் நிறைந்த தாழ்வான பகுதியில், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் குந்தியிருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே கிளம்ப வேண்டும்.

பாம்பு கடித்தாலோ கால் முறிந்தாலோ என்ன செய்வது?

மலைமேல் பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் இருக்காது. எந்த வளைவில், எந்தப் பாறைமேல் சிக்னல் வருகிறது என்பதை ஊர்ப் பையன்கள் சொல்வார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசர ஊர்திக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பாம்பு கடித்தவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் கட்டை வைத்துக் கட்டித் தூக்கிச் செல்லுங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கெடுதலே செய்யும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஒருவரைத் தூக்க நால்வர் வேண்டும் என்பதால்தான் குழுவில் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது என்கிறேன்.

இதற்கு முன் எங்கே பழகிப் பார்க்கலாம்?

இராயக்கோட்டைக் கோட்டையும் தீர்த்தமலையும் அரை நாள் நடைக்கு ஏற்றவை. லேசான தூறல் உள்ள ஒரு நாளில், மூன்று நாளுக்கான முழுப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குங்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து, பாலித்தீனுக்குள் இருந்த லுங்கி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இதையே செய்ய வேண்டும்.

திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வந்த அன்றே சோப்பு போட்டுக் குளித்து, நடந்த துணிகளை வெந்நீரில் துவையுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மாத்திரைக் கடையில் நிற்காமல் மருத்துவரிடம் போய், "ஓடை நீரில் இறங்கினேன், புதர்க் காட்டில் நடந்தேன்" என்ற இரண்டையும் நீங்களாகவே சொல்லுங்கள். முதலாவது எலிக்காய்ச்சலையும் இரண்டாவது உண்ணிக்காய்ச்சலையும் அவருக்கு நினைவூட்டும். உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கடித்த இடம் வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் உடை இறுகும் இடம் ஆகியவற்றில் சிகரெட் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலுள்ளவரைப் பார்க்கச் சொல்லி, இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.